சுயேச்சை இசையும் அதைக் கைமாற்றுவோரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

தேர்தலில் எந்தக் கட்சியின் சின்னமும் இல்லாமல் நிற்பவரைச் சுயேச்சை வேட்பாளர் என்கிறோம். டெபாசிட் தொகையை அவரே கட்ட வேண்டும். நோட்டீஸ் அடிப்பதும் அவர்தான். தெருத்தெருவாகச் சென்று அதைக் கொடுப்பதும் அவர்தான். பெரும்பாலும் டெபாசிட்டும் போய்விடுகிறது. அப்படியிருந்தும் ஒவ்வொரு தேர்தலிலும் யாரேனும் ஒருவர் நின்றுகொண்டுதான் இருக்கிறார். இசையுலகிலும் இத்தகைய சுயேச்சைகள் உண்டு. திரைப்படம் என்ற பெருங்கட்சியோ, இசைத்தட்டுக் கம்பெனி என்ற பெருங்கட்சியோ பின்னால் இல்லாமல், தாமே பாட்டைக் கட்டி, தாமே பணம் போட்டுப் பதிவு செய்து, தாமே விற்பவர்கள் அவர்கள். இதனை ஆங்கிலத்தில் 'இண்டி' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். தமிழில் சுயாதீன இசை என்று இப்போது எழுதுகிறார்கள். எனக்குச் சுயேச்சை இசை என்ற பெயரே பிடித்திருக்கிறது. டெபாசிட் போகும் அபாயமும் அதில் சேர்ந்து ஒலிக்கிறதல்லவா?

இவ்விசையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பாடியவரைப் பற்றியே பேசுகிறார்கள். அது நியாயந்தான். ஆனால் பாடியவருக்கும் கேட்பவருக்கும் நடுவே இன்னொருவர் நிற்கிறார். "இதைக் கேட்டுப் பார்" என்று சொல்லிக் கையில் கொடுப்பவர் அவர். திரைப்பாட்டுக்கு அவர் தேவையில்லை. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியும், தனியார் பேருந்தும், டீக்கடையும் அதைக் காதில் கொண்டுவந்து சேர்த்துவிடும். சுயேச்சைப் பாட்டுக்கோ அந்த நடுவாள் இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை. அவரைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். அதற்கு இங்கிலாந்தில் 1970களின் பிற்பகுதியில் நடந்த கதை மிகத் தெளிவான சான்று. இந்த இசைக்கென்று கடையும், விற்பனைப் பட்டியலும், வானொலியில் நேரமும் சில ஆண்டுகளுக்குள் அங்கே ஒருசேர அமைந்தன.

ஐந்நூறு பவுண்டுக் கடன்

பழைய கிராமபோன் தட்டுகளில், குழாயின் முன் காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கும் நாயின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த நாய்க்குச் சொந்தக்காரக் கம்பெனி 1931-ல் வேறொரு கம்பெனியோடு இணைந்து இ.எம்.ஐ. ஆயிற்று. இ.எம்.ஐ., டெக்கா போன்ற ஒருசில பெரிய கம்பெனிகளே இங்கிலாந்தில் நெடுங்காலம் இசையை ஆண்டன. பாட்டைப் பதிவு செய்யும் கூடம், தட்டு அச்சிடும் தொழிற்சாலை, கடைகளுக்கு ஏற்றிச் செல்லும் வண்டி எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. சிறிய கம்பெனிகள் முன்பும் உண்டு. ஆனால் பாடுகிறவனே கம்பெனி ஆகலாம் என்ற எண்ணம் பரவலாக இல்லை.

மான்செஸ்டர் பக்கம் பஸ்காக்ஸ் என்றொரு குழு. அதில் ஹோவர்ட் டிவோட்டோவும் பீட் ஷெல்லியும் போல்ட்டன் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தபோது பழகியவர்கள். 1976 டிசம்பர் 28 அன்று அவர்கள் நான்கு பாட்டுகளை ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்கள். செலவுக்கு நண்பர்களிடமும் வீட்டாரிடமும் வாங்கிய கடன் 500 பவுண்டு; ஷெல்லியின் தந்தையும் கொடுத்தார். 'நியூ ஹார்மோன்ஸ்' என்று தங்களுக்கே ஒரு கம்பெனிப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்ற அந்தச் சிறு தட்டு ஆயிரம் பிரதிகளாக வெளிவந்தது. ஆயிரமும் விற்றுக் கடனை அடைத்தால் போதும் என்பதே கணக்கு. நாளடைவில் 16,000 பிரதிகள் விற்றன.

தட்டைவிட அதன் உறை எனக்கு வியப்பூட்டுகிறது. முகப்பில், உடனே படம் கழுவித் தரும் கேமராவில் எடுத்த சாதாரணப் புகைப்படம். பின்பக்கத்தில் ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்ற விவரம் அச்சாகியிருந்தது. கம்பெனிகள் மறைத்து வைக்கும் சமையலறையை இவர்கள் திறந்து காட்டிவிட்டார்கள். அதே 1977-ல் டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் என்ற லண்டன் குழு இன்னும் ஒருபடி மேலே சென்றது. தட்டின் இரு பக்கத்துக்கும் தனித்தனியாக அச்சு வெட்டினால் செலவு கூடும் என்பதால், ஒரே இரண்டு பாட்டுகளை இரு பக்கத்திலும் போட்டுவிட்டார்கள். மொத்தச் செலவு 153 பவுண்டு. அதை அவர்களே அடுத்த தட்டின் உறையில் அறிவித்து, நீங்களும் செய்யலாமே என்று கேட்டவர்களைத் தூண்டினார்கள். 1978-ல் ஸ்கிரிட்டி பொலிட்டி என்ற குழு, ஒலிப்பதிவுக்கு எவ்வளவு, அச்சுக்கு எவ்வளவு, மேல்தாளுக்கு எவ்வளவு என்று வரிவரியாகக் கணக்கை உறையிலேயே போட்டது. நம்மூரில் கோயில் திருவிழா முடிந்ததும் வரவு செலவை நோட்டீஸாக அடித்து ஒட்டுவார்களே, அதுபோல! ஆனால் நோக்கம் வேறு. திருவிழாக் கணக்கு வசூலித்தவர் நாணயத்தைக் காட்டுவதற்கு. இந்தக் கணக்கு அடுத்தவனுக்கு வழி காட்டுவதற்கு.

தட்டு அச்சாகிவிட்டது. அதை யார் விற்பது? அட்டைப் பெட்டியில் ஆயிரம் தட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? இங்கேதான் நடுவாள் வருகிறார். 1976-ல் லண்டனின் மேற்குப் பகுதியில் ஜெஃப் டிராவிஸ் என்பவர் 'ரஃப் டிரேட்' என்ற கடையைத் தொடங்கினார். பெரிய கடைகள் திரும்பிப் பாராத தட்டுகளை அவர் வாங்கி வைத்தார். கடையில் வருபவர்கள் மணிக்கணக்கில் நின்று கேட்கலாம். தபாலில் கேட்டாலும் அனுப்புவார்கள். 1978-ல் கடையே தட்டு வெளியிடவும் தொடங்கியது. செலவு போக மீதியைப் பாடியவர்களோடு பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். அங்கிருந்து வந்த ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் குழுவின் இசைத்தட்டு 1979-ல் நாட்டின் பொது விற்பனைப் பட்டியலில் 14-ஆம் இடம் வரை ஏறியது. பின்னர் பல ஊர்க் கடைகள் ஒன்றுகூடி, கம்பெனிகளின் வண்டியை நம்பாமல் தாங்களே தட்டுகளை நாடு முழுதும் அனுப்ப ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. அந்த விநியோக அமைப்பு 1991-ல் நொடித்துப்போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1980 ஜனவரியில் சுயேச்சைத் தட்டுகளுக்கென்றே தனி விற்பனைப் பட்டியல் வெளிவரத் தொடங்கியது. அதில் இடம்பெற ஒரு தட்டுக்கு என்ன தகுதி வேண்டும்? இசை இன்ன வகையாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பெரிய கம்பெனிகளின் வண்டியில் ஏறாமல் கடைக்கு வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சுயேச்சை என்பது ராகத்தையோ தாளத்தையோ குறித்த சொல்லாக இல்லை. பாட்டு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதைக் குறித்த சொல்லாக இருந்தது. இன்று கிதாரை மெதுவாக மீட்டி முணுமுணுத்தாலே இண்டி என்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இராது. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். புதுக்கவிதைக்கு அது களமாயிற்று. பெரிய பத்திரிகைகள் இடம் தராத எழுத்தை அச்சிட்டதோடு அவர் நிற்கவில்லை. புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். சிறுபத்திரிகை இலக்கியத்துக்கு என்னவோ, அதுவே இசைக்கு அந்தச் சிறு தட்டு. மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

இரவு பத்து மணி

இங்கிலாந்தில் மூட்டை தூக்கியவர்களில் தலையாயவர் ஒரு வானொலி அறிவிப்பாளர். ஜான் பீல் என்பது அவர் வானொலிக்காக வைத்துக்கொண்ட பெயர். 1939-ல் லிவர்பூலுக்கு அருகில் பிறந்தவர். பி.பி.சி.யின் ரேடியோ ஒன் 1967 செப்டம்பர் 30-ல் தொடங்கியது. மறுநாளே அவர் குரல் அதில் கேட்டது. 2004 அக்டோபரில் பெரு நாட்டில் விடுமுறையில் இருந்தபோது இறக்கும் வரை, 37 ஆண்டுகள் அதே நிலையத்தில் இருந்தார். நெடுங்காலம் அவருக்குக் கிடைத்தது இரவு பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை. அதாவது வீட்டில் பெரியவர்கள் தூங்கிய பிறகு.

அவர் நிகழ்ச்சியின் சிறப்பை அறிய ஒரு விநோதச் சட்டத்தை அறிய வேண்டும். வானொலியில் இசைத்தட்டுகளைப் போட்டுக்கொண்டே இருந்தால் வாசிக்கிறவர்களின் பிழைப்புப் போய்விடும் என்று இசைக் கலைஞர் சங்கம் அஞ்சியது. தட்டு விற்காது என்று கம்பெனிகளும் அஞ்சின. எனவே ஒரு நாளில் இத்தனை மணி நேரமே தட்டுகளை ஒலிபரப்பலாம் என்று பி.பி.சி.க்குக் கட்டுப்பாடு இருந்தது. 'ஊசி நேரம்' என்று அதற்குப் பெயர். தட்டின் மேல் ஊசி ஓடும் நேரம். 1980களின் இறுதி வரை அது நீடித்தது. மிச்ச நேரத்தை நிரப்ப, குழுக்களை நேரில் அழைத்து வாசிக்கச் செய்ய வேண்டியிருந்தது. பீல் இந்தத் தடையையே வாய்க்காலாக்கிக்கொண்டார். கம்பெனி இல்லாத, தட்டே வெளியிடாத குழுக்களையும் அழைத்தார். ஒரு நாள் அவகாசம், வழக்கமாக நான்கு பாட்டு, பி.பி.சி.யின் கூடம், பி.பி.சி.யின் தொழில்நுட்பர், வாசித்தவர்களுக்குக் கூலியும் உண்டு. இப்படி 2,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் 4,000-க்கும் மேற்பட்ட முறை அவருக்காக வாசித்திருக்கின்றன.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. பி.பி.சி. சுயேச்சை நிறுவனம் அன்று. வீட்டுக்கு வீடு வசூலாகும் உரிமக் கட்டணத்தில் நடக்கும் பொது நிறுவனம் அது. சுயேச்சைகள் தலைதூக்க ஒரு பொது நிறுவனத்தின் கூரை தேவைப்பட்டிருக்கிறது. விளம்பரத்தை நம்பிய வானொலியாக இருந்தால், யாரும் அறியாத குழுவுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருப்பார்களா? அரசுக் கல்லூரியில் படிக்கும் நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

வட அயர்லாந்தில் 1978-ல் நடந்தது புகழ்பெற்ற நிகழ்ச்சி. பெல்பாஸ்ட் நகரில் குண்டு வெடிப்பு ஓயாத காலம். அந்த நகரத்தில் டெர்ரி ஹூலி என்பவர் 'குட் வைப்ரேஷன்ஸ்' என்று ஓர் இசைத்தட்டுக் கடை நடத்திக்கொண்டிருந்தார். அண்டர்டோன்ஸ் என்ற இளைஞர் குழுவின் 'டீனேஜ் கிக்ஸ்' என்ற பாட்டை 200 பவுண்டு செலவில் பதிவு செய்து தம் கடையின் பெயரில் வெளியிட்டார். லண்டனுக்கு எடுத்துச் சென்றார், கம்பெனிகள் மறுத்துவிட்டன. பீலுக்கும் ஒரு பிரதி போய்ச் சேர்ந்தது. பீல் அந்தப் பாட்டை ஒலிபரப்பினார். முடிந்ததும், அதையே உடனே மறுபடி ஒலிபரப்பினார். அப்படி அவர் அதுவரை செய்ததில்லை. சில நாட்களில் அமெரிக்கக் கம்பெனி ஒன்று அந்தக் குழுவை ஒப்பந்தம் செய்தது. பீலின் கல்லறையில் இன்று அந்தப் பாட்டின் ஒரு வரி பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஆயினும் அவருடைய பெருமை, அவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டதில் மட்டும் இல்லை. தமக்கே இன்னும் பிடிபடாத பாட்டையும் போட்டார். தாம் முன்பு கேளாத ஒன்றைக் கேட்க வேண்டும் என்பதுதான் தம் ஆசை என்று சொல்வாராம். ஓரிரு நொடிக்குமேல் நீளாத பாட்டும் அவர் நிகழ்ச்சியில் வந்ததுண்டு. 1986-ல் ஸிம்பாப்வே நாட்டிலிருந்து புண்டு பாய்ஸ் என்ற குழு இங்கிலாந்துக்கு வந்தபோது, அவரும் ஆண்டி கெர்ஷா என்ற இன்னொரு அறிவிப்பாளரும் அவர்கள் பாட்டுகளைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பினார்கள். அந்தக் குழு வாசித்ததை நேரில் கேட்டுப் பீல் கண்ணீர் விட்டார் என்பார்கள். அவர்கள் தட்டும் ஒரு சிறு கம்பெனி வெளியீடே. லண்டன் பையனின் கிதாருக்கும் ஹராரே பையனின் கிதாருக்கும் ஒரே இரவில் அடுத்தடுத்து இடம் கிடைத்தது.

அவர் தட்டைத் தவறான வேகத்தில் ஓடவிடுவதும் பிரசித்தம். சிறு தட்டு நிமிடத்துக்கு 45 சுற்று. பெரிய தட்டு 33⅓ சுற்று. 45-ல் ஓட வேண்டியதை 33⅓-ல் ஓடவிட்டால் அதிர்வெண் அதே விகிதத்தில் குறையும். ஏறத்தாழ ஐந்து அரைச்சுரம் இறங்கும். மேல் ஷட்ஜத்தில் நிற்க வேண்டிய குரல் பஞ்சமத்தில் போய் நின்றுவிடும். (இயற்பியல் படிப்பவனுக்கு இதைக் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.) பாட்டு புதிது என்பதால், பாதி தூரம் போன பிறகே வேகம் தவறு என்பது அவருக்கே தெரியவருமாம். கேட்பவருக்கு இது எரிச்சலூட்டியதா? இல்லை. நம்மைப் போலவே இவரும் இப்போதுதான் முதல்முறை கேட்கிறார் என்ற நெருக்கத்தை அது உண்டாக்கியது.

ஒலிநாடாவின் காலம்

பீல் நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் கேட்டதோடு விடவில்லை. காஸெட்டில் பதிந்தார்கள், பதிந்ததை நண்பருக்குத் தபாலில் அனுப்பினார்கள். தட்டு அச்சிடத் தொழிற்சாலை வேண்டும். காஸெட்டுக்கு மேசைமேல் ஒரு கருவி போதும். கேட்கிறவரும் வெளியிடுகிறவரும் ஒருவரே ஆகலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. கம்பெனிகளுக்கு இது பொறுக்கவில்லை. வீட்டில் பதிவு செய்வது இசையைக் கொல்கிறது என்று 1981-ல் இங்கிலாந்தில் இயக்கம் நடத்தினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் டெட் கென்னடீஸ் என்ற குழு வேடிக்கையான பதில் கொடுத்தது. எல்லாப் பாட்டையும் காஸெட்டின் ஒரே பக்கத்தில் அடக்கி, மறுபக்கத்தை வெறுமையாக விட்டு, நீங்களும் பதிந்துகொண்டு இந்தத் திருப்பணியில் பங்குகொள்ளுங்கள் என்ற பொருள்பட அதன்மேல் அச்சிட்டுவிட்டது!

அமெரிக்காவில் டேனியல் ஜான்ஸ்டன் என்ற இளைஞர் இருந்தார். மலிவான ஒரு காஸெட் கருவியில், வீட்டிலேயே பாடிப் பதிவு செய்வார். நாடாவின் இரைச்சலும் சேர்ந்தே பதிவாகும். குரல் நடுங்கும். ஆனால் அந்தப் பாட்டுகளில் ஒப்பனை என்பது துளியும் கிடையாது. படியெடுக்க இரண்டாவது கருவி இல்லாத தொடக்க காலத்தில், யாராவது ஒரு பிரதி கேட்டால், அத்தனை பாட்டையும் முதலிலிருந்து மறுபடி பாடிப் பதிந்து கொடுப்பாராம். எண்ணிப் பாருங்கள்! ஒவ்வொரு பிரதியும் ஒரு கச்சேரி. பின்னர் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ஓர் உணவகத்தில் வேலை பார்த்தபோது, எதிர்ப்பட்டவர்கள் கையிலெல்லாம் தம் காஸெட்டைத் திணித்தார். 1983-ல் பதிவு செய்த 'ஹை, ஹவ் ஆர் யூ' என்ற காஸெட்டின் அட்டைப் படத்தை, அவரே கிறுக்கிய தவளை உருவத்தை, 1992-ல் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் தம் பனியனில் அணிந்து வந்தார். உலகம் திரும்பிப் பார்த்தது. ஜான்ஸ்டன் வாழ்நாள் முழுதும் மனநோயால் துன்பப்பட்டவர்; 2019-ல் இறந்தார். புகழ் அவருக்கு நோயைத் தீர்க்கவில்லை. ஆனால் அந்த நடுங்கும் குரல் ஆஸ்டினின் ஒரு தெருவோடு நின்றுபோகாமல் இருந்ததற்குக் காரணம், அவர் திணித்த காஸெட்டை வாங்கிய சிலர் அதைக் கேட்டுவிட்டு இன்னொருவருக்குக் கொடுத்ததுதான்.

கணக்குப் போடும் கைப்பேசி

இன்று நிலைமை என்ன? பதிவு செய்யக் கைப்பேசியே போதும். வெளியிடப் பத்து நிமிடம் போதும். அப்படியானால் சுயேச்சைகளின் பொற்காலம் வந்துவிட்டதென்று எண்ணத் தோன்றும். நான் அப்படி எண்ணவில்லை.

கைப்பேசி நமக்கு எப்படிப் பாட்டைப் பரிந்துரைக்கிறது? அடிப்படை எளிய கணக்குதான். இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வேறு எந்தெந்தப் பாட்டைக் கேட்டார்கள் என்று எண்ணி வைத்துக்கொள்கிறது. நாம் ஒன்றைக் கேட்டால் அதனோடு சேர்த்துக் கேட்கப்பட்ட இன்னொன்றைத் தருகிறது. நேற்று வெளிவந்த, யாருமே கேளாத பாட்டுக்கு இந்தக் கணக்கில் எண்ணிக்கை ஏது? கணினி அறிவியலார் இந்தச் சிக்கலை நன்கு அறிந்தவர்களே. பாட்டின் வேகம், சுருதி, ஒலியின் தன்மை ஆகியவற்றை அளந்து அதற்கு ஈடு செய்யப் பார்க்கிறார்கள். அப்போதும் கிடைப்பது ஏற்கெனவே கேட்டதைப் போன்ற ஒன்று. மான்செஸ்டர் பாட்டுக்குப் பின் ஸிம்பாப்வே பாட்டைப் போடும் துணிவு கூட்டல் கழித்தலில் எளிதில் பிறப்பதில்லை.

பணத்திலும் கணக்கு அவ்வாறே. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024 முதல், ஓராண்டில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பாட்டின் பதிவுக்கு உரிமைத்தொகை தருவதில்லை என்று விதி வகுத்தது. அதனால் மிச்சமாகும் தொகை, ஆயிரத்தைத் தாண்டிய பாட்டுகளுக்கே போய்ச் சேருகிறது. ஒரு பாட்டுக்கு வரக்கூடியது மிகச் சொற்பம்தான் என்று அவர்கள் தரப்பில் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' ஆயிரம் பிரதியில் தொடங்கியது என்பதை நினைத்தால், ஆயிரம் என்ற எண் கதவாகவும் ஆகலாம், சுவராகவும் ஆகலாம் என்று தோன்றுகிறது.

தமிழில் திரையிசைக்கு வெளியே பாட்டு இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. ஏன் இல்லை? இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடலைக் கே.ஏ. குணசேகரன் மேடை மேடையாகப் பாடிப் பரப்பினார். எந்தப் படமும் அதைத் தாங்கவில்லை. 2017 ஜனவரியில் எண்ணூர்க் கழிமுகத்தின் சீரழிவைப் பற்றிப் 'புறம்போக்கு' பாடல் வெளிவந்தது. எழுதியவர் கபேர் வாசுகி, பாடியவர் டி.எம். கிருஷ்ணா. சென்னைப் பேச்சு கர்நாடக ராகங்களில் ஏறி வருவதை அதில் கேட்கலாம். 2018 ஜனவரி 6 அன்று, சபாக்களில் மார்கழிக் கச்சேரிகள் நடக்கும் அதே பருவத்தில், கீழ்ப்பாக்கத்தில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில் நின்றன. சாதியற்றோர் என்ற அந்தப் பெயர் அயோத்திதாசப் பண்டிதரை நினைவில் கொண்டு வைத்தது. கானாவைச் சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கியவர்கள் காசு கொடுத்தாவது கேட்க வேண்டிய பாட்டுகள் அவை.

இவற்றை நான் கைப்பேசியின் பரிந்துரையால் கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் கொடுத்தார். எங்களில் பலர் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆட்கள். இதைப் படி, இதைக் கேள் என்று சொல்ல வீட்டில் அண்ணன்மார் இல்லை. அலமாரியில் அப்பாவின் இசைத்தட்டுகள் இல்லை. எங்களுக்குக் கைமாற்றுபவர் இல்லையென்றால் கைக்கு வருவது எதுவுமில்லை. ஒருவருடைய இசைச் சேமிப்பு அவருக்குப் பின் பிள்ளைகளுக்குப் போகிறது; எங்களுக்கு அது பக்கத்துக் கட்டிலிலிருந்து வர வேண்டியிருக்கிறது.

எனவே விடுதியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஞாயிறு இரவு சாப்பாடு முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் ஓர் அறையில் கூடுவோம். வாரம் ஒருவர், ஒரு பாட்டு. திரையில் வந்த பாட்டாக இருக்கக்கூடாது. கொண்டுவந்தவர் பாட்டு முடியும் வரை அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது. முன்கூட்டிப் புகழ்ந்தால் கேட்பவன் காது அடைத்துக்கொள்கிறது. பாட்டை இரண்டு முறை ஓடவிடுவோம். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை ஊகித்திருப்பீர்கள். பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லலாம். புண்டு பாய்ஸ் பாட்டைப் போட்ட இரவில், நையாண்டி மேளத்தில் தவில் வாசிக்கும் குடும்பத்து நண்பர் ஒருவர் முதல் முறை சும்மா இருந்தார். இரண்டாம் முறை தகர டிரங்குப் பெட்டியின் மேல் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு நோட்டுப் புத்தகமும் உண்டு. பாட்டு, பாடியவர், ஊர், ஆண்டு, யார் செலவில் வெளிவந்தது, நமக்கு யார் கொடுத்தார் என்று ஆறு கட்டங்கள். கடைசிக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த வரிக்குப் போகக்கூடாது என்பது விதி. சென்ற பருவத்தில் மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவர் ஒருவர், தம் பாட்டி நடவு வயலில் பாடியதைக் கைப்பேசியில் பதிந்து கொண்டுவந்தார். சேறு மிதிபடும் ஓசையும், நடுவே யாரோ சிரிப்பதும் கேட்டது. ஊர் எழுதினோம், பாடியவர் எழுதினோம். ஆண்டு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? பதிந்த ஆண்டையா, பாட்டு பிறந்த ஆண்டையா? நெடுநேரம் வாதம் நடந்தது. கடைசியில் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டோம். 'யார் கொடுத்தார்' என்ற கட்டத்தில் மட்டும் அவர் எழுதினார்: பாட்டிக்கு அவர் அம்மா, எனக்குப் பாட்டி.

வரும் ஞாயிறு தாவரவியல் முதலாண்டு மாணவர் ஒருவருடைய முறை. என்ன பாட்டு என்று கேட்டுப் பார்த்தோம். சொல்ல மறுத்துவிட்டார்.